வேனுக்குப் பின்னால் வந்த கோயில்

பெரியபேட்டை சபையின் வாலிபர் ஐக்கியத்தார் ஒவ்வொரு மே மாதமும் வேன் பிடித்து ஏதாவதொரு சிற்றூருக்கு ஊழியம் செய்யப் போவார்கள், போன இடத்தில் ஒரு துரும்பைக்கூட ஊர்க்காரர் எடுத்துப் போட விடமாட்டார்கள், அப்படி ஒரு சுறுசுறுப்பை ஆண்டவர் அவர்களுக்குக் கொடுத்திருந்தார். அவர்களுக்குச் செயலாளர் டைட்டஸ். கல்யாணமாகி, பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் வாலிபர் ஐக்கியத்தை விட்டு இறங்காத மனிதர், ஆகையால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் டைட்டஸ் அண்ணன். கழுத்தில் ஒரு விசில், தோளில் ஒரு துண்டு, வாயில் எந்நேரமும் ஒரே பேச்சு: "நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கிடுதோம்."

அந்த வருஷம் அவர்கள் போனது உடைக்குடியிருப்புக்கு. தேரிக்காட்டின் ஓரத்தில் செம்மண்ணும் உடைமரமுமாகக் கிடக்கிற ஊர் அது, வீட்டைவிட ஆடு அதிகம், ஆட்டைவிட முள் அதிகம். ஊர் நடுவே ஓடு போட்ட சின்ன ஆலயம் ஒன்று உண்டு. அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம். போதகர் எப்போதாவது வருவார், மற்றபடி மணியடிப்பதும் ஜெபம் நடத்துவதும் உபதேசியார் பொன்னுதாசன்தான். சனிக்கிழமை வந்தால் ஒரு வீட்டுக்கு முறை, வீடு வீடாக மாறி மாறி வரும். முறைவீட்டுக்காரர் சொந்த விளக்குமாற்றைக் கொண்டுவந்து கோயிலைக் கூட்ட வேண்டும், சொந்தக் குடத்துத் தண்ணீரைத் தெளிக்க வேண்டும், விளக்குக்கு எண்ணெய் விட வேண்டும். ஒரு வீடு முறையைத் தவறவிட்டால் அடுத்த சனிக்கிழமையும் அந்த வீடேதான் வந்து செய்ய வேண்டும். இது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, எதற்கு என்று யாரும் கேட்டதுமில்லை.

வாலிபர் ஐக்கியத்தார் வந்து இறங்கியதும் ஊர் உட்கார வைக்கப்பட்டது. கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள், உடைந்த ஓட்டை மாற்றினார்கள், பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுத்தார்கள், கண் சோதித்தார்கள், ஊருணியில் பாசி எடுத்தார்கள், சமைத்தார்கள், பரிமாறினார்கள், சாப்பிட்ட இலையையும் எடுத்தார்கள். உபதேசியார் மணியடிக்க எழுந்து வேட்டியைச் சரிசெய்வதற்குள் டைட்டஸ் அண்ணன் அடித்து முடித்திருப்பார். முதல் இரண்டு நாள் ஊர் கூச்சப்பட்டு நெளிந்தது. பிறகு பழகிவிட்டது. சும்மா இருப்பதில் உள்ள சுகம் எவ்வளவு பெரியது என்று அதுவரை அங்கே யாரும் அனுபவித்துப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை எப்சிபா வீட்டு முறை. எப்சிபா பக்கத்து டவுனில் செல்போன் கடையில் வேலை பார்க்கிற பெண், எதையும் நேரே பார்த்துப் பேசுகிறவள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஈர்க்கு விளக்குமாற்றோடு அவள் கோயில் வாசலுக்கு வந்தபோது உள்ளே ஏற்கெனவே நாலு பேர் நைலான் பிரஷ் போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இன்னைக்கு எங்க வீட்டு முறை," என்றாள்.

"கல்யாணப் பொண்ணு வேலை செய்யலாமா? நீங்க உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கிடுதோம்," என்று டைட்டஸ் அண்ணன் அவள் கையிலிருந்த விளக்குமாற்றை அன்போடு வாங்கிச் சுவர் மூலையில் சாத்தி வைத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில் அவளுடைய இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டது. ஓலை என்பது கல்யாண அறிவிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் நடக்கப்போகிறது, தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்று, பெண்ணின் கோயிலில், அதே நான்கு சுவருக்குள், தொடர்ந்து மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். நடுவில் ஒன்று தப்பினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாப்பிள்ளை ஜெபசிங் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக், விடுமுறை முடிந்துபோகும் தறுவாயில் இருந்தான். மூன்றாம் ஓலை முடிந்த கையோடு கல்யாணம், கல்யாணம் முடிந்த கையோடு விமானம் என்று ஏற்பாடு. இந்தத் தடவை விட்டால் மறு விடுமுறைக்கு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை வாலிபர் ஐக்கியத்தார் கிளம்பினார்கள். கருப்பட்டியும் கண்ணீருமாக ஊர் வேனைச் சுற்றி நின்றது. விசில் அடித்தது, வேன் நகர்ந்தது, ஊர் கையசைத்தது, அப்போது கோயில் தன் அஸ்திவாரத்திலிருந்து ஒரு சாண் உயர்ந்து, ஓடுகள் ஒன்றோடொன்று உரசிச் சலசலக்க, மணி தானாக ஒருமுறை ஆடி நிற்க, வாசற்படியை முன்னால் தள்ளிக்கொண்டு, நிறைகுடம் சுமந்த பெண்ணைப் போல மெல்லச் சாய்ந்து சாய்ந்து வேனுக்குப் பின்னால் போயிற்று.

ஓட்டுநர்தான் கண்ணாடியில் முதலில் பார்த்தார். "அண்ணே, பின்னால கோயில் வருது."

"எந்தக் கோயிலு?"

"நாம வெள்ளையடிச்ச கோயிலுதான்."

டைட்டஸ் அண்ணன் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். "மெதுவா ஓட்டுங்க," என்றார், "பின்தங்கிரப் போகுது."

உடைக்குடியிருப்புக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வந்த விருந்தாளியை வழியனுப்பப் போகிறது, பஸ் நிறுத்தம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடும் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து பழகியிருந்தார்கள் அல்லவா.

கோயில் பெரியபேட்டைக்குள் நுழைந்தபோது மார்க்கெட் நேரம். போக்குவரத்துக் காவலர் இடது பக்கம் கை காட்டினார், அது ஒழுங்காக இடது பக்கம் ஒதுங்கிற்று. பழக்கடைக்காரர்கள் தார்ப்பாயைச் சுருட்டி வழிவிட்டார்கள். அம்மன் கோயில் பூசாரி வாசலுக்கு வந்து பார்த்து, "சாமி வீடு நடந்து வருது, செருப்பக் கழத்துங்கப்பா," என்று கடைத்தெருவுக்குச் சொன்னார், கடைத்தெரு கழற்றியது. அப்படியே அது பெரிய கோயிலின் மதிலுக்குள் போய், சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு அருகே தூங்குமூஞ்சி மரத்தடியில், வெயில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. பெரிய கோயில் கல் கட்டடம், கோபுரம் வானத்தை முட்டும், பக்கத்தில் இது தாயின் முந்தானையைப் பிடித்த பிள்ளையாக இருந்தது.

வந்த சீதேவியை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பெரியபேட்டை அதை இரண்டே நாளில் தன்னுடையதாக்கிக்கொண்டது. பெரிய கோயிலில் மின்விசிறிக்குக் கீழும் புழுங்கும், இதற்குள் ஓட்டுக் குளிர்ச்சி இருந்தது, அதனால் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் உபவாச ஜெபத்தை இங்கே மாற்றிக்கொண்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்கள் ஜோடி ஜோடியாகக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தினார்கள். நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, இது புதுக் கட்டடமா பழைய கட்டடமா என்று கேட்டு, பதில் தெரியாமல் தேநீர் குடித்துவிட்டுப் போனார். கமிட்டி கூடிப் பேசியது. தரைக்கு டைல்ஸ் போடலாமா, ஓட்டை எடுத்துவிட்டு ஷீட் போடலாமா என்பதுதான் பேச்சு. திருப்பி அனுப்புவது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. டைட்டஸ் அண்ணன் சாட்சி சொன்னார், "எத்தனையோ பேரு ஊழியத்துக்குப் போறாங்க, ஆத்துமாக்கள் வரும்பாங்க. நம்ம ஊழியத்துக்குக் கோயிலே வந்திருக்கு." சபை அல்லேலூயா சொன்னது. அதில் பெருமை இருந்தது, இல்லை என்று சொன்னால் அது பொய்.

புதன்கிழமை வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு உபதேசியார் பொன்னுதாசன் பெரியபேட்டைக்குப் போனார். அவருக்கு நாற்காலி போட்டார்கள், வடையும் காபியும் கொடுத்தார்கள், நீங்க உக்காருங்க என்றார்கள். அவர் கோயில் சுவரைத் தடவிக் கொடுத்து, "வா, போவோம்," என்று கூப்பிட்டுப் பார்த்தார். அது அசையவில்லை. வடையின் ருசி நாக்கில் இருக்க, வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

அதற்குள் செய்தி மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டியிருந்தது. ஜெபசிங்கின் அம்மா ரூபாவதி, யார் வீட்டுக்குப் போனாலும் சன்னல் கம்பியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள், அப்படி ஒரு சுத்தக்காரி. ஆட்டோவில் வந்து இறங்கி, கோயில் இருந்த இடத்தில் கோழி கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"கோயிலே இருக்க மாட்டேன்னு எந்திச்சுப் போன ஊர்ல நான் பொண்ணு எடுக்கணுமா?" என்றாள் எப்சிபாவிடம். "மூணாவது ஓலை எங்க வாசிப்பியன்னு பாக்கத்தான போறேன். அப்படியே வாசிச்சாலும், தடை உண்டான்னு கேப்பாவல்லா, அப்போ நான் எந்திச்சு நிப்பேன்."

"நில்லுங்க அத்தை," என்றாள் எப்சிபா. "ஆனா ஞாயித்துக்கிழமை வந்திருங்க. நீங்க வராம நாங்க ஓலை வாசிக்க மாட்டோம்."

சாயங்காலம் ஜெபசிங் போனில் கூப்பிட்டான். "எங்கம்மாவ நான் பேசிப் பாத்துக்கிடுதேன், நீ கவலப்படாத," என்றான்.

"யாரும் எனக்காவ ஒண்ணும் பாத்துக்கிட வேண்டாம்," என்றாள் அவள். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கு டைட்டஸ் அண்ணன் குரல் காதில் கேட்டது. போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். வாசலில் அவர்கள் வீட்டு ஆடு படுத்திருந்தது. போன வருஷம் எல்லோரும் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்து வீட்டு அக்காதான் அதற்குத் தழை போட்டாள், காய்ச்சல் தெளிந்த பிறகும் ஆடு அந்த அக்கா வீட்டு வாசலில்தான் போய்ப் படுத்தது, மறுபடி இவள் தழை போட்டுப் போட்டுத்தான் திரும்பி வந்தது. ஆட்டின் மேல் குற்றம் சொல்ல முடியுமா?

சனிக்கிழமை காலை அவள் ஈர்க்கு விளக்குமாற்றையும், நிறைந்த ஒரு குடத்தையும், எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். போகிற காரியத்துக்கு யாராவது விளக்குமாற்றோடு பஸ் ஏறுவார்களா என்று நடத்துநர் முகம் சுளித்தார்.

"போற காரியமே இதான் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு, சன்னலோரமாக உட்கார்ந்து, குடம் தளும்பாமல் மடியில் அணைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் பயம் இருந்தது. கோயில் அசையாவிட்டால் கல்யாணமும் அசையாது என்பது அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் பயத்தை முகத்துக்கு விடவில்லை.

தூங்குமூஞ்சி மரத்தடியில் அவளைப் பார்த்ததும் வாலிபர் ஐக்கியத்தார் ஓடி வந்தார்கள். ஒருவன் குடத்துக்குக் கை நீட்டினான், ஒருத்தி எண்ணெய்ப் போத்தலுக்கு. டைட்டஸ் அண்ணன் விளக்குமாற்றைத் தொட்டேவிட்டார்.

"குடுங்கம்மா, நாங்க பாத்து..."

"அண்ணே," என்றாள் எப்சிபா. "போன சனிக்கெழம எங்க வீட்டு முறைய நீங்க செஞ்சிட்டிய. நல்ல மனசோடதான் செஞ்சிய, எனக்குத் தெரியும். ஆனா முறை இன்னும் என் தலையிலதான் நிக்கிது. நீங்க உக்காருங்க."

டைட்டஸ் அண்ணனுக்கு உட்காரத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை போலும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சைக்கிள் நிறுத்துமிடத்துச் சிமெண்டுக் கட்டையில் மெல்ல உட்கார்ந்தார், அவர் பின்னால் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள், உபவாச ஜெபத்துக்கு வந்த பெண்களும், பெஞ்சில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். அவள் உள்ளே போய் மேற்கு மூலையிலிருந்து கூட்ட ஆரம்பித்தாள். பீடத்தடியைக் கூட்டினாள், பெஞ்சுக்கு அடியில் குனிந்து கூட்டினாள், கடலைத் தோலையும் போட்டோக்காரர் விட்டுப்போன பூவிதழையும் சேர்த்து வாரினாள், உடைக்குடியிருப்புத் தண்ணீரைத் தெளித்தாள், விளக்கில் எண்ணெய் விட்டாள். விளக்குமாறு தரையில் உரசுகிற சத்தம் தவிர மதிலுக்குள் வேறு சத்தமே இல்லை. தெளித்த தண்ணீர் காயுமுன் ஓடுகள் சலசலத்தன.

அவள் வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல், வாசல் கேட்டை நோக்கி நடந்தாள். கோயில் ஒரு சாண் உயர்ந்து அவள் பின்னால் வந்தது. பெரியபேட்டைக்காரர்கள் ஒருவரும் மறிக்கவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி மட்டும் எழுந்து பெரிய கோயிலைப் பார்த்து, "எட்டி, இத நம்ம யாராவது என்னைக்காவது கூட்டிருக்கமா?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். பெரிய கோயிலைக் கூட்டுவது சம்பளத்துக்கு வருகிற ஒரு அம்மாள். அந்த அம்மாளின் வீடு தெற்கே. பெரிய கோயில் தெற்கே லேசாகச் சாய்ந்திருப்பதாக அன்றைக்குத்தான் சிலருக்குத் தோன்றியது. மறு வாரம் முதல் பெரியபேட்டையிலும் முறை வந்துவிட்டது, அது வேறு கதை.

பொழுது சாயும்வரை எப்சிபா நடந்தாள், கோயிலும் நடந்தது. வழியூர்க்காரர்கள் மோர் கொடுத்தார்கள். இருட்டியதும் ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் கோயில் உட்கார்ந்தது, அவள் அதற்குள் படுத்து அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். விடிந்ததும் மறுபடி நடை. ஆனால் சின்னக் கோயிலுக்குச் சின்ன அடிதான். ஆராதனை நேரம் நெருங்கியபோது உடைக்குடியிருப்பு இன்னும் குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவள் குளக்கரையில் நின்றாள், கோயிலும் நின்றது. ஓலை வாசிக்க வேண்டியது இந்தச் சுவருக்குள், அது இங்கே இருக்கிறது, சபையோ அங்கே இருக்கிறது. முதல்முறையாக அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே உள்ளே போய் மணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

குளத்தைத் தாண்டி மணிச் சத்தம் போயிற்று. தங்கள் கோயில் மணி என்று கேட்ட மாத்திரத்தில் உடைக்குடியிருப்பு உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தது. கரை வழியாக ஊரே வந்தது, முன்னால் உபதேசியார் அங்கியை மாட்டிக்கொண்டே ஓட, பின்னால் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும், கையில் விளக்குமாறு, இடுப்பில் குடம், எண்ணெய்க் கிண்ணம், பாய். முறை யாருடையது என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. மறுபக்கத்திலிருந்து ஆட்டோவில் ரூபாவதியும் ஜெபசிங்கும் வந்து இறங்கினார்கள். தூரத்தில் தயங்கித் தயங்கிப் பெரியபேட்டை வேனும் வந்து நின்றது.

பாட்டுப் பாடினார்கள், வேதம் வாசித்தார்கள். பிறகு உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாம் ஓலையை வாசித்தார். எப்சிபாவுக்கும் ஜெபசிங்குக்கும் நடக்கவிருக்கும் விவாகத்துக்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் இப்போது சொல்லலாம் என்றார்.

ரூபாவதி எழுந்தாள்.

ஜெபசிங் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான், அவள் கையைத் தட்டிவிட்டாள். எப்சிபா தலை குனியவில்லை, அவளை நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். கால் கொப்பளித்து, தலைமுடி பூராவும் செம்மண்ணாக, நேற்றைய சேலையோடு நிற்கிற அந்தப் பெண்ணை ரூபாவதி உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். பிறகு குனிந்து, முன் பெஞ்சை விரலால் தடவி, விரலைப் பார்த்தாள்.

"தடை ஒண்ணும் இல்ல," என்றாள். "கோயிலு எந்திச்சுப் போகும், யாரு வீட்டுலயும் நடக்கிறதுதான். இவ போயி கூட்டிட்டு வந்திருக்கால்லா. ஆனா நடந்து வந்த புழுதி பூராவும் உள்ளதான் கிடக்கு, இதுல உக்காந்து என் மவனுக்கு ஓலை வாசிக்கியளா? ஏட்டி எப்சிபா, அந்த விளக்குமாத்தக் கொண்டா. நேத்து நீ கூட்டின, இன்னைக்கு நான் கூட்டுதேன். எல்லாரும் காலத் தூக்குங்க."

எல்லோரும் காலைத் தூக்கினார்கள். கோயிலும் தூக்கியது.

எப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி முன்னால் நடந்தாள். உள்ளே ரூபாவதி கூட்டிக்கொண்டே வர, சபை பாடிக்கொண்டே வர, உபதேசியார் மணியடித்துக்கொண்டே வர, கோயில் குளக்கரையைச் சுற்றித் தன் ஊருக்குள் போய், கோழிகளை விரட்டிவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்தது. பெரியபேட்டை வேன் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது. அதற்குள் டைட்டஸ் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.